பத்தாயிரம் காசுக்கு வாங்கிய நிலம்

பழங்காலக் கொரியாவின் பெக்ஜே நாட்டு அரசர் மூர்யொங் தமது கல்லறைக்கான நிலத்தை முறைப்படி கிரயம் வாங்கினார். விற்றவர்கள் மண்ணுக்கடியில் ஆட்சி செய்யும் தெய்வங்கள்: மண்ணின் அரசன், மண்ணின் தாய் தந்தையர், அவர்களுக்குக் கீழே பெரிதும் சிறிதுமாகப் பதவி வகிக்கும் அதிகாரிகள். தொகை பத்தாயிரம் காசு. வாங்கிய தேதி, வாங்கியவர் பெயர், நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு கற்பலகையில் வெட்டப்பட்டிருக்கிறது. பத்திரம் எழுதினால் பணமும் கைமாற வேண்டும் அல்லவா? சீனத்து இரும்புக் காசுகளை ஒரு கட்டாக அந்தக் கல்லின் மேலேயே வைத்துவிட்டு வாசலைச் செங்கல்லால் அடைத்தார்கள். இது நடந்தது கி.பி. 525இல். நான்கு ஆண்டுகள் கழித்து அரசியை அடக்கம் செய்வதற்காக ஒருமுறை திறந்தார்கள். அதன்பின் 1971 ஜூலை வரை அந்தக் காசில் ஒருவர் கையும் படவில்லை.

தென்கொரியாவில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பப் போன இடம் இந்தக் கல்லறை இருக்கும் கொங்ஜு. தேஜொன் நகரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். சுற்றிலும் மலை, நடுவே கும் ஆறு, ஆற்றைப் பார்த்தபடி கொங்சான்சொங் கோட்டை, கடைத்தெருவில் வறுத்த செஸ்ட்நட் வாசனை. ஒரு காலத்தில் நாட்டின் தலைநகராக இருந்ததற்கான ஆரவாரம் எதுவும் இன்று அந்த ஊரில் இல்லை. கோட்டையிலிருந்து மேற்கே சிறிது நடந்தால் சொங்சான்-ரி குன்றின் சரிவில் புல் போர்த்திய மண்மேடுகள். அவற்றுள் ஒன்றின் அடியில்தான் மேலே சொன்ன பத்திரம் கிடைத்தது.

கொரிய அரச கல்லறை என்று தமிழரிடம் பேச்செடுத்தால் அது உடனே கிம்ஹே நகரத்துக்குப் போய்விடுகிறது. கடல் கடந்து வந்து பழைய கயா நாட்டின் சுரோ அரசரை மணந்ததாகச் சொல்லப்படும் அரசி ஹொ ஹ்வாங்-ஓக்கின் கல்லறை அங்கே இருக்கிறது. அவர் தமிழ்நாட்டுப் பெண் என்று சமூக ஊடகங்களில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். அந்தக் கதைக்கு மூலம் 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சம்குக் யூசா’ என்ற கொரிய நூல். அவர் பிறந்த நாடாக அதில் இருப்பது ‘அயுத’ என்ற பெயர் மட்டுமே. அதை வடக்கே அயோத்திக்கு இழுப்பவர்களும் உண்டு, தெற்கே நம் பக்கம் இழுப்பவர்களும் உண்டு. கதையாகக் கேட்க எனக்கும் பிடிக்கும். ஆனால் கண்ணால் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்துப் பேசக்கூடிய ஒரு தொடர்பு வேண்டுமென்றால் கொங்ஜுவுக்குத்தான் வர வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோகுர்யொ, பெக்ஜே, சில்லா என்ற மூன்று அரசுகள் கொரியத் தீபகற்பத்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்த காலம். 475இல் வடக்கிலிருந்து இறங்கி வந்த கோகுர்யொ படை, இன்றைய சியோல் பகுதியில் இருந்த பெக்ஜேயின் தலைநகரைப் பிடித்து அரசரைக் கொன்றது. மிஞ்சியவர்கள் தெற்கே வந்து ஆற்றையும் மலையையும் அரணாகக் கொண்டு கொங்ஜுவில் ஒண்டினார்கள். அடுத்த கால் நூற்றாண்டு ரத்தமும் சதியும்தான். தலைநகரை மாற்றிய அரசர் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த சிறுவன் சம்கன் பதினைந்து வயதில் இறந்துபோனான். அடுத்தவர் 501இல் தம் சொந்த அதிகாரி ஏவிய ஆளின் கத்திக்குப் பலியானார். அப்போதுதான் மூர்யொங் அரியணை ஏறினார். வயது ஏறத்தாழ நாற்பது.

அவர் என்ன செய்தார் என்பதை வரலாற்று ஏடுகள் சுருக்கமாகவே சொல்கின்றன. முந்தைய அரசரைக் கொன்றவனின் கலகத்தை அடக்கினார். வடக்கே கோகுர்யொவைத் தடுத்து நிறுத்தினார். கரைகளை வலுப்படுத்தச் சொல்லி, பிழைப்பின்றி அலைந்தவர்களை மறுபடி உழவுக்குத் திருப்பினார். எனக்கு அவர்மேல் மதிப்பு வருவது இந்தக் கடைசி வரியால்தான். 521இல் சீனத்தின் லியாங் பேரரசுக்குத் தூது அனுப்பி, பெக்ஜே மீண்டும் வலிய நாடாகிவிட்டது என்று அறிவித்தார். லியாங் பேரரசர் அவருக்குக் ‘கிழக்கை அமைதிப்படுத்தும் பெருந்தளபதி’ என்ற பட்டத்தை வழங்கினார். இரண்டே ஆண்டில், 523இல், அவர் காலமானார்.

இத்தனை பெரிய அரசரின் கல்லறை எப்படிக் கொள்ளை போகாமல் தப்பியது? பெக்ஜே கல்லறைகள் எளிதில் உள்ளே போகக்கூடியவை. பக்கவாட்டில் வாசல் வைத்த அறைகள் அவை. சில்லாவின் பழைய தலைநகரான கியொங்ஜுவில் மரப்பெட்டியின்மேல் மலைபோலக் கல்லைக் குவித்து மூடியதால் திருடர்கள் அசந்துபோனார்கள். இங்கே அப்படிக் கிடையாது. சொங்சான்-ரியின் மற்றக் கல்லறைகள் ஏறக்குறைய எல்லாமே சூறையாடப்பட்டவைதான்.

இதைக் காப்பாற்றியது ஒருவரின் தவறான கணிப்பு. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் கருபே ஜியோன் என்ற பள்ளி ஆசிரியர் கொங்ஜுவில் இருந்தார். பெக்ஜே கல்லறைகளைத் தேடித் தோண்டுவதில் அவருக்குத் தீராத வேட்கை. 1930களில் ஆறாம் எண் கல்லறைக்குள் நுழைந்தவரும் அவரே. அதற்குள் இருந்த பொருள்கள் என்னவாயின என்ற கேள்வி இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கல்லறைக்குப் பின்னால் ஒரு மேடு இருப்பதையும் அவர் கவனித்தார். ஆறாம் கல்லறைக்குப் பின்புறக் காவலாக, திசை சாஸ்திரப்படி எழுப்பிய செயற்கைக் குன்று அது என்று முடிவுகட்டி, அதைத் தொடாமல் விட்டுவிட்டார். அந்தக் குன்றுதான் மூர்யொங்கின் கல்லறை.

1971 மழைக்காலம். ஐந்தாம், ஆறாம் கல்லறைகளுக்குள் நீர் கசிவதைத் தடுக்க வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 5ஆம் தேதி, ஆறாம் கல்லறையின் பின்புறத்தில் ஒரு தொழிலாளியின் மண்வெட்டி செங்கல்லில் பட்டது. தொடர்ந்து தோண்டத் தோண்ட வளைவான வாசல் தெரிந்தது. சியோலிலிருந்து தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் கிம் வொன்-யொங் தலைமையில் குழு வந்தது. 7ஆம் தேதி மாலை கொட்டித் தீர்த்த மழையில் தோண்டிய பள்ளம் நிரம்பி, நீர் கல்லறைக்குள் இறங்கிவிடும் நிலை. இரவோடு இரவாக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். 8ஆம் தேதி மாலை சிறு சடங்கு ஒன்றைச் செய்துவிட்டு, வாசலை அடைத்திருந்த செங்கற்களை எடுத்தார்கள். கிம் வொன்-யொங்கும் கொங்ஜு அருங்காட்சியகத்தின் தலைவரும் முதலில் உள்ளே போனார்கள். நடைவழியில் கல்லால் ஆன ஒரு விலங்கு வெளியே பார்த்து நின்றது. அதற்கு முன்னால் எழுத்து வெட்டிய இரண்டு கற்பலகைகள். ‘பெக்ஜேயின் சாமா அரசர்’ என்று முதல் பலகையிலேயே இருந்தது. சாமா என்பது மூர்யொங் வாழ்ந்த காலத்துப் பெயர். மூர்யொங் என்பது இறந்தபின் சூட்டியது.

அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. செய்தி ஊரெங்கும் பரவி, குன்றைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பத்திரிகையாளர்கள் படம் எடுக்கவிடும்படி நெருக்கினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் தரையில் கிடந்த ஒரு வெண்கலக் கரண்டி ஒடிந்தது. இனியும் தாமதித்தால் நிலைமை கைமீறிவிடும் என்று பயந்து, அன்றிரவே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட முடிவு செய்தார்கள். விடிவதற்குள் வேலையை முடிக்கப் பார்த்தார்கள். பெரிய பொருள்களின் இடத்தை அவசரமாக வரைந்துகொண்டார்கள். எடுத்த படங்கள் கொஞ்சம். தரையில் இறைந்து கிடந்த சிறு பொருள்களை மண்ணோடு சேர்த்து வாரிச் சாக்குகளில் போட்டார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு அப்படியே கிடந்த ஓர் அறை ஒரே இரவில் காலியானது. மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் செய்திருக்க வேண்டிய வேலை அது.

பிற்காலத்தில் கிம் வொன்-யொங் இதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் வருந்தி எழுதினார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நாட்டில் அதுவரை யாரும் இப்படியொரு கல்லறையைத் திறந்ததில்லை. எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்க முன்மாதிரி கிடையாது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போதிய ஏற்பாடும் இல்லை. இவையெல்லாம் உண்மை. ஆனாலும் வாசலை மறுபடி அடைத்துவிட்டுக் காத்திருக்க முடியாமல் போனது ஏன் என்ற கேள்வி என்னை விடுவதில்லை. இவ்வளவு காலம் பொறுத்த கல்லறை இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கும்.

இழந்தது பொருளை அல்ல, பொருள் கிடந்த இடத்தை. இதைத் தொல்லியலோடு பழக்கமில்லாதவர்களுக்கு விளக்குவது சிரமமாக இருக்கிறது. தங்கம் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே, பிறகென்ன என்கிறார்கள். ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் கிடந்தன. எந்த மணி எதற்கு அடுத்துக் கிடந்தது என்று தெரிந்திருந்தால் கழுத்துமாலை எத்தனை சரம், கை அணியில் என்ன நிறவரிசை, உடையின் ஓரத்தில் எதைத் தைத்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்திருக்கலாம். மண்ணோடு வாரிய பின் அவை வெறும் மணிகள். சாக்குகளில் அள்ளிவந்ததை ஆய்வாளர்கள் அடுத்த ஐம்பது ஆண்டுகள் சலித்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் 3,000க்கும் குறைவாக எண்ணப்பட்டவை இன்று 124 வகைகளில் 5,232 பொருள்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கின்றன. கண்டுபிடிப்பின் ஐம்பதாம் ஆண்டான 2021இல் கொங்ஜு தேசிய அருங்காட்சியகம் இவை அனைத்தையும் முதல் தடவையாக ஒரே நேரத்தில் பார்வைக்கு வைத்தது.

அந்த இரவின் பாடம் வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1973இல் கியொங்ஜுவில் சொன்மாசொங் கல்லறையைத் திறந்தபோது மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதை அடுத்த ஹ்வாங்னாம் பெருங்கல்லறை 1975 வரை நீண்டது. கொரியத் தொல்லியலின் இன்றைய பொறுமைக்குப் பின்னால் கொங்ஜுவின் அந்த ஜூலை இரவு இருக்கிறது.

இனி அறைக்குள் போவோம். நீளம் நான்கு மீட்டருக்குச் சற்று மேல், அகலம் இரண்டே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் ஏறத்தாழ மூன்று மீட்டர். ஒரு நடுத்தர வீட்டின் கூடத்தைவிடச் சிறியது. சுவரும் வளைவுக் கூரையும் முழுக்கச் செங்கல். நான்கு வரிசை படுக்கையாக, ஒரு வரிசை நிறுத்தி, மறுபடி நான்கு படுக்கையாக என்று அடுக்கியிருக்கிறார்கள். செங்கல்லின் முகப்பில் தாமரை. சில இடங்களில் ஒரு செங்கல்லில் பாதிப் பூ, பக்கத்துச் செங்கல்லில் மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் பூ முழுமை பெறும். அப்படியானால் கொத்தனார் எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று சூளையிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். வாசலை அடைத்த கற்களில் ஒன்றில் 512ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கிறது. அரசர் உயிரோடு இருந்தபோதே, அவர் இறப்பதற்குப் பதினொரு ஆண்டு முன்பே, செங்கல் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அதைக் கொண்டு சொல்கிறார்கள்.

சுவர்களில் ஐந்து விளக்கு மாடங்கள்: வடக்கே ஒன்று, கிழக்கிலும் மேற்கிலும் இரண்டிரண்டு. தீச்சுடர் வடிவில் வெட்டிய அந்த மாடங்களில் சிறு பீங்கான் அகல்கள் அப்படியே இருந்தன. உள்ளே எரிந்த திரியின் கரியும் இருந்தது. கிழக்கே அரசர், மேற்கே அரசி, இருவர் தலையும் வாசல் இருக்கும் தெற்குப் பக்கம். சவப்பெட்டிகள் சரிந்து பலகை பலகையாகக் கிடந்தன. கூரை இடுக்குகள் வழியே மரவேர்கள் இறங்கித் தொங்கின.

நடைவழியில் நின்ற கல் விலங்கு முப்பது சென்டிமீட்டர் உயரம்தான். பன்றி மாதிரிப் பருத்த உடல், பக்கவாட்டில் செதுக்கிய சிறகுகள், தலையில் இரும்பில் செய்த ஒற்றைக் கொம்பு, உதட்டில் இன்னும் அழியாத சிவப்புச் சாயம், பின்னங்கால் ஒன்று உடைந்திருக்கிறது. நம் கோயில் தூணில் யாளி நிற்பதைப்போல, தீயது உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் காவல் அது. சீனத்துக் கல்லறைகளில் இவ்வகைக் காவல் விலங்குகள் நிறைய உண்டு. கொரிய மண்ணில் கிடைத்தது இதுதான் முதல். அருங்காட்சியகத்தில் சிறுவர்கள் மற்ற எதையும்விட இதன் முன்னால்தான் நெடுநேரம் நிற்கிறார்கள்.

என்னை நிறுத்துபவை கற்பலகைகள். முதல் பலகை அரசர் 62ஆம் வயதில், 523ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் ஏழாம் நாள் மறைந்தார் என்றும், 525 எட்டாம் மாதம் பன்னிரண்டாம் நாள் கல்லறையில் வைக்கப்பட்டார் என்றும் சொல்கிறது. இடையில் இருபத்தேழு மாதம். அவ்வளவு காலமும் உடலை வேறோர் இடத்தில் வைத்துத் துக்கம் காத்திருக்கிறார்கள். கோட்டைக்கு மேற்கே ஜொங்ஜிசான் குன்றில் 1996இல் வெளிப்பட்ட கட்டட அடித்தளங்கள் அந்த இடமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கொரியாவின் பழைய வரலாற்று ஏடான ‘சம்குக் சாகி’ தொகுக்கப்பட்டது 1145இல், அதாவது இந்த அரசர் இறந்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. அதில் உள்ள பழங்காலத் தேதிகளை எவ்வளவு நம்பலாம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கல் அந்த ஏட்டின் பக்கம் சாட்சி சொன்னது: அதே ஆண்டு, அதே மாதம். மூன்று அரசுகளின் காலத்துக் கொரிய அரச கல்லறைகளில், உள்ளே இருப்பவர் இன்னார் என்று எழுத்தாலேயே உறுதியானது இது ஒன்றுதான்.

இரண்டாவது பலகையின் கதை இன்னும் நெருக்கமானது. 525இல் அது நிலப் பத்திரமாக மட்டும் இருந்தது. 526இல் அரசி இறந்தார். அவருக்கும் இருபத்தேழு மாதத் துக்கம். 529இல் கல்லறையைத் திறந்தபோது புதிய கல் எதுவும் வெட்டவில்லை. பத்திரக் கல்லையே தலைகீழாகத் திருப்பி, அதன் வெறுமையான பின்புறத்தில் அரசியின் இறப்புச் செய்தியை எழுதிவிட்டார்கள். காசுக்கட்டை மறுபடி மேலே வைத்தார்கள். அரசிக்கென்று தனிக் கல் வெட்டாதது சிக்கனமா, அவசரமா, அல்லது கணவரின் கல்லிலேயே இடம் பெறுவதுதான் முறையா? எனக்கு மூன்றாவதை நம்பவே விருப்பம்.

அரசியின் இடக்கைப் பக்கம் கிடந்த வெள்ளிக் காப்புகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவற்றின் வெளிப்புறத்தில் நாக்கை நீட்டியபடி டிராகன்கள் வளைந்து ஓடுகின்றன. அவற்றின் செதில்களைக்கூட எண்ணலாம். அணிந்தால் தோலோடு உரசும் உள்பக்கத்தில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது: 520ஆம் ஆண்டு இரண்டாம் மாதம், தாரி செய்தது, அரசிக்காக, எடை 230 ஜு (அக்காலத்து எடை அளவு). ஆறாம் நூற்றாண்டுக் கொரியத் தட்டார் ஒருவர் தம் பெயரை அரசியின் மணிக்கட்டில் வைத்து அனுப்பியிருக்கிறார். அரசர்கள் பெயர் கல்லில் நிற்பதில் வியப்பில்லை. கைவினைஞர் பெயர் நின்றுவிட்டதுதான் எனக்குப் பெரிய செய்தி. அரசர் உயிரோடு இருந்தபோது செய்த நகை அது. அரசி அதை ஆறு ஆண்டுகள் அணிந்திருக்கலாம்.

கிரீட அணிகள், தோடுகள், டிராகன் தலை பொறித்த வாள், வெண்கலக் கண்ணாடிகள் எல்லாமே படங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. தலையணையை மட்டும் தேடிப் பாருங்கள். அரசியின் தலை வைக்க மரத்தில் செய்த அந்தத் திண்டில் சிவப்புப் பூசி, தங்கப் பட்டையால் ஆறுகோணக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தாமரையும் பறவையும் மீனும் தீட்டியிருக்கிறார்கள்.

சவப்பெட்டியின் பலகை எந்த மரம் என்று 1990களின் தொடக்கத்தில் நுண்ணோக்கியில் பார்த்தபோது எல்லோரும் திகைத்தார்கள். ஜப்பானில் மட்டுமே இயற்கையாக வளரும் குடைப்பைன் மரம். அவ்வளவு பெரிய கட்டைகளைக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மூர்யொங்குக்கும் ஜப்பானுக்கும் உள்ள உறவு பழைய ஜப்பானிய ஏடான ‘நிஹோன் ஷோகி’யில் வேறு விதமாக வருகிறது. கருவுற்றிருந்த அவருடைய தாயைக் கப்பலில் அழைத்துப் போகும் வழியில், 461இல், கியூஷு கரைக்கு அருகே ஒரு தீவில் அவர் பிறந்தார் என்கிறது அது. கல்லறைக் கல்லில் உள்ள வயதைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் ஓராண்டு வித்தியாசத்தில் ஒத்துப்போகிறது. புனைகதை என்று பலர் ஒதுக்கியிருந்த குறிப்பை யாரும் இப்போது எளிதில் ஒதுக்குவதில்லை. அந்தத் தீவு இன்றைய ககராஷிமா என்று கருதுகிறார்கள். 2001 டிசம்பரில் ஜப்பானியப் பேரரசர் அகிஹிட்டோ, தம் முன்னோரான கம்மு பேரரசரின் தாய் மூர்யொங் அரசரின் வழிவந்தவர் என்று ‘ஷோகு நிஹோங்கி’ என்ற மற்றொரு பழைய ஏட்டில் இருப்பதால் கொரியாவோடு ஓர் உறவை உணர்வதாகச் சொன்னார். கொரியாவில் அந்த வார்த்தைகள் பெரும் செய்தியாயின.

சீனத்தின் பக்கமும் சான்று கூடிக்கொண்டே வருகிறது. இந்தச் செங்கல் அறை லியாங் பாணி என்பது 1971லேயே தெரிந்ததுதான். அருகே உள்ள 29ஆம் எண் கல்லறையை மறுபடி தோண்டியபோது கிடைத்த செங்கல் ஒன்றின் எழுத்தை 2022 தொடக்கத்தில் படித்து வெளியிட்டார்கள். இதைச் செய்தவர் ஜியான்யே ஊர்க்காரர் என்று அதில் இருக்கிறது. ஜியான்யே என்பது லியாங்கின் தலைநகரான இன்றைய நான்ஜிங். பாணி மட்டுமல்ல, கொத்தனாரும் அங்கிருந்து வந்திருக்கிறார்.

இப்போது நான் தள்ளிப்போட்ட விஷயம். அந்தச் சாக்குகளில் வாரிய மணிகளில் ஏராளமானவை மிகச் சிறியவை, ஒற்றை நிறத்தவை: மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, கருநீலம். கண்ணாடியை உருக்கி, நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனைகளை மழுக்கும் முறையில் செய்த இவ்வகை மணிகளை இந்திய-பசிபிக் மணிகள் என்று தொல்லியலாளர் அழைக்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பம் வளர்ந்த முக்கியமான இடங்களில் ஒன்று புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள நம் அரிக்கமேடு. அங்கிருந்து தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குப் பட்டறைகள் பரவின. மூர்யொங் கல்லறையின் மணிகள் அரிக்கமேட்டில் செய்தவை என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அவற்றில் சிலவற்றில் நிறம் தரச் சேர்த்த ஈயத்தைச் சோதித்ததில் அது தாய்லாந்துப் பகுதியைச் சேர்ந்தது என்று தெரிகிறது. தென்னிந்தியக் கடற்கரையில் செழித்த கைத்தொழில், தாய்லாந்தின் ஈயம், கொங்ஜு அரசரின் கழுத்து. இளவரசிக் கதையைக் காட்டிலும் எனக்கு இதில் நிறைவு அதிகம். கொல்லர், மணிக்காரர், மாலுமி, தரகர் என்று பெயர் தெரியாத எத்தனையோ பேர் கைமாற்றிக் கைமாற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த உறவு இது.

கல்லறைக்குள் இன்று போக முடியாது. கண்டுபிடித்த பின் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மூச்சுக்காற்றும் வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து சுவரில் பாசி படர்ந்தது, செங்கல் இடுக்குகளில் நீர் கசிந்தது. 1997இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பக்கத்தில் அதே அளவில் மாதிரி அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதைப் போலி என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த முடிவு முழுக்கச் சம்மதம். மாதிரிக்குள் குனிந்து நுழைந்து, மாடத்து அகலைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அசல் அறை புல்மேட்டுக்கடியில் நிம்மதியாக இருக்கட்டும். பொருள்களைச் சியோலுக்குக் கொண்டுபோகும் பேச்சு எழுந்தபோது கொங்ஜு மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். அவர்கள் பிடிவாதத்தால்தான் காவல் விலங்கையும் காப்பையும் இன்று அந்தச் சிற்றூரிலேயே பார்க்க முடிகிறது. 2015இல் யுனெஸ்கோ பெக்ஜே வரலாற்றுப் பகுதிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்தக் கல்லறைத் தொகுதியும் அதில் இடம் பெற்றது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் அருங்காட்சியகம், பிறகு குன்று. பொருள்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு மேட்டின் முன் நின்றால்தான் அதன் அடியில் எவ்வளவு இருந்தது என்று உறைக்கும்.

குன்றின் மேல்சரிவில் வரிசையாக இருக்கும் ஒன்று முதல் நான்கு வரையிலான கல்லறைகளில் 2023 முதல் மறுபடி அகழாய்வு நடந்தது. 1927இல் ஜப்பானிய அதிகாரிகள் பார்த்துவிட்டுப் போனவை, அதற்கும் முன்பே கொள்ளை போனவை. ஒன்றும் மிச்சமிருக்காது என்று எல்லோரும் நினைத்த மண்ணை இம்முறை சலித்துச் சலித்துப் பார்த்தார்கள். 2025 ஜூனில் முடிவுகளை அறிவித்தார்கள். நீலக் கண்ணாடி பதித்த தங்கத் தோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள், அவற்றில் மஞ்சளிலும் பச்சையிலும் அதே தாய்லாந்து ஈயம். இரண்டாம் எண் கல்லறையில் இரண்டு பற்கள். பல்லின் தேய்மானத்தைக் கொண்டு அது பதின்வயதினர் ஒருவருடையது என்றார்கள். கொங்ஜுவில் ஆண்ட அரசர்களில் அந்த வயதில் இறந்தவன் ஒருவனே: பதினைந்து வயதில் போய்ச் சேர்ந்த சிறுவன் சம்கன். 1927இல் பார்த்துவிட்டு மூடிய கல்லறை யாருடையது என்று ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து இரண்டு பற்கள் சொல்லியிருக்கின்றன, மண்ணைச் சாக்கில் வாராமல் சலித்ததால்.